வேகம் இருக்கட்டும், குண்டு எங்கே விழுகிறது? ஏர் ரைபிளுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஏர் ரைபிள் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இது எவ்வளவு ஸ்பீடு?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். பெட்டியின் மேல் வினாடிக்கு 1200 அடி என்று போட்டிருந்ததைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பத்து மீட்டரில் ஒரு அட்டையை நிறுத்திப் பத்துக் குண்டு சுட்டேன். பத்தும் பத்து ஊரில் விழுந்தன. இதைச் சரிசெய்ய எனக்கு ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு ஒரு மாதத்தில் முடியலாம்.

வெளிநாட்டு ரைபிள்காரர்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்வதையும், வெடிமருந்தைத் தராசில் நிறுத்து வேகத்துக்கும் துல்லியத்துக்கும் நடுவே ஒரு புள்ளியைத் தேடுவதையும் பார்த்துவிட்டு, இங்கேயும் செய்ய முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆனால் அந்தத் தேடலின் சாரம் முழுவதும் ஏர் ரைபிளிலும் இருக்கிறது. அவர்கள் மருந்தை மாற்றிப் பார்க்கிறார்கள், நாம் பெல்லட்டை, அதாவது ஏர் ரைபிளில் போடும் சின்னக் குண்டை, மாற்றிப் பார்க்கிறோம். செலவும் ஆபத்தும் நமக்குக் குறைவு.

முதலில் சட்டமும் இடமும்

குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாமல் இருக்கும் ஏர் ரைபிளுக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று மீறினாலும் உரிமம் வேண்டும். வாங்கும்போது அடையாளச் சான்று கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள், வண்டியில் எடுத்துப் போகும்போது அதன் நகல் உறையிலேயே இருக்கட்டும்.

உயிருள்ள எதன் மீதும் குறி வைக்கக் கூடாது. நம் இராமநாதபுரம் கடற்கரையில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் என்று பறவைச் சரணாலயங்கள் நம்மைச் சுற்றியே உள்ளன. தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏர் கன் என்று பார்த்து விட்டுவிடாது. சேதுவுக்கு மண் சுமந்த அணிலைக் கொண்டாடும் ஊரில் இருந்துகொண்டு அணில் மேல் சுட்டுப் பழகுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவரோடு எனக்குப் பேச்சில்லை.

நான் சுடுவது களிமண்குண்டுக்குப் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரின் பனங்காட்டில், அவர் அனுமதியோடு. ஊர்ப் பெயரில் குண்டு இருப்பதால் தேர்ந்தெடுத்த இடமில்லை, பின்னால் ஆளுயர மண்மேடு இருப்பதால் தேர்ந்தெடுத்தது. இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில், குறிப்பாகத் திறந்த கடலைப் பார்த்து, சுடவே வேண்டாம். வெறும் கடல்தானே என்று நினைக்கும்போதுதான் ஒரு வள்ளம் கரை ஒட்டி வரும்.

இலக்குப் பெட்டிக்கு நான் பயன்படுத்துவது பழைய தகரப் பெட்டியில் அழுத்தி வைத்த ஈரக் களிமண். குண்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், தெறிக்காது. வெறும் இரும்புத் தகட்டை நேராக நிறுத்திச் சுட்டால் ஈயத் துண்டுகள் திரும்பி வரும். கண்ணாடி போடாமல் ஒரு குண்டுகூட வேண்டாம், பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த 1200 அடியின் கதை

இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

வினாடிக்கு 1200 அடி என்றால் சுமார் 366 மீட்டர். குண்டின் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல் வரும், எடையைக் கிலோகிராமில் போட வேண்டும். 0.30 கிராம் எடையுள்ள, ஈயமல்லாத இலேசான உலோகக் குண்டு 366 மீட்டர் வேகத்தில் போனால் கிட்டத்தட்ட 20 ஜூல். அதாவது பெட்டியில் போட்டிருக்கும் எண், கிடைப்பதிலேயே இலேசான குண்டைப் போட்டு எடுத்த எண். அதே 20 ஜூலில் 0.547 கிராம் ஈயக்குண்டைப் போட்டால் வேகம் வினாடிக்கு 270 மீட்டர்தான் வரும்.

சரி, இலேசான குண்டையே போட்டு 366 வாங்கிக்கொண்டால் என்ன கெட்டுப்போகும்? ஒலியின் வேகம் குறுக்கே நிற்கிறது. நம் ஊரின் 30 டிகிரி வெப்பத்தில் அது வினாடிக்குச் சுமார் 349 மீட்டர். பெல்லட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலை, ஒடுங்கிய இடுப்பு, பின்னால் விரிந்த பாவாடை. உடுக்கை மாதிரி இருக்கும். இந்த வடிவம் ஒலி வேகத்துக்குக் கீழே அமைதியாகப் பறப்பதற்கு ஏற்றது. ஒலி வேகத்தை நெருங்கும்போதே காற்றின் எதிர்ப்பு கிடுகிடுவென்று ஏறும், குண்டு ஆடத் தொடங்கும். மேலே போய்விட்டுத் திரும்பக் கீழே இறங்கும்போது இன்னொரு முறை ஆடும். போதாததற்கு "டப்" என்று வெடிச் சத்தம் வேறு. பக்கத்துத் தோப்புக்காரர் எட்டிப் பார்ப்பார்.

இதற்கு நேர் எதிராக, ஒலிம்பிக்கில் சுடும் பத்து மீட்டர் ஏர் ரைபிள்கள் எவ்வளவு வேகத்தில் சுடுகின்றன தெரியுமா? 0.53 கிராம் குண்டு, வினாடிக்குச் சுமார் 170 முதல் 175 மீட்டர். 8 ஜூல்தான் வரும். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில்தான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் இலண்டனில் வெண்கலம் வாங்கியதும் இதிலேதான். அந்த இலக்கின் பத்தாம் புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர், எழுதுகோல் முனை அளவு. அதை அடிக்க உங்கள் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் பாதிகூட வேண்டியதில்லை.

வேகத்தால் இலாபமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். குண்டு விரைவாகக் குழலை விட்டு வெளியேறினால் நம் கை ஆட்டம் அதைக் கெடுக்கும் நேரம் குறையும். தூரத்தில் சரிவும் குறையும். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் போவது. 170 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு பத்து மீட்டரில் 17 மில்லிமீட்டர் கீழே இறங்கும். எல்லாக் குண்டும் அதே 17 இறங்கினால் கவலையில்லை, சைட்டை, அதாவது குறிபார்க்கும் அமைப்பை, திருகிச் சரிசெய்துவிடலாம். ஒரு குண்டு வினாடிக்கு 3 மீட்டர் மெதுவாகப் போனால் 0.6 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கும். 25 மீட்டரில் அதே வேறுபாடு நாலு மில்லிமீட்டருக்கு மேல் இழுத்துவிடும். இதை எந்தச் சைட்டாலும் சரிசெய்ய முடியாது.

குண்டு வாங்குதல்

ஒரே வகையில் ஐந்து டப்பா வாங்காதீர்கள். ஐந்து வகையில் ஒவ்வொரு டப்பா வாங்குங்கள். ஒரு குழலுக்குப் பிடித்த குண்டு அதே கம்பெனியின் அடுத்த குழலுக்குப் பிடிக்காமல் போகும். நண்பர் பரிந்துரைத்தது, விலை கூடியது என்பதெல்லாம் தொடக்கத்துக்குத்தான் உதவும்.

பத்து மீட்டர் அட்டைக்குத் தட்டைத் தலைக் குண்டு. காகிதத்தில் பஞ்சிங் மிஷின் போட்டது போல வட்டமாக ஓட்டை விழும், புள்ளி எண்ண எளிது. ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் இரண்டிலும் ரைபிளுக்கான 0.53 கிராம் வகை உண்டு. 20, 25 மீட்டர் என்று போகிறவர்களுக்கு உருண்டைத் தலைக் குண்டு, ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 0.547 கிராம் மாதிரி. உருண்டைத் தலை காற்றைக் கிழித்துக்கொண்டு போவதில் தட்டைத் தலையைவிட வெகுவாக மேல். கூர்முனைக் குண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பார்க்கத்தான் ஏவுகணை, முனை மையத்தில் இல்லாவிட்டால் பறப்பது கோணலாகத்தான் இருக்கும்.

டப்பாவின் மேல் 4.50, 4.51, 4.52 என்று ஓர் எண் இருக்கும், தலையின் விட்டம் மில்லிமீட்டரில். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. குழலில் வைக்கும்போது விரலுக்கே வித்தியாசம் தெரியும். தானாக உள்ளே நழுவினால் தளர்வு. கட்டை விரல் வலிக்க அழுத்த வேண்டியிருந்தால் இறுக்கம். மெல்ல அழுத்தியதும் "ம்" என்று போய் உட்கார வேண்டும்.

டப்பாவைத் திறந்ததும் ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி, பாவாடை நசுங்கியதைப் பொறுக்கித் தனியே போடுங்கள். பின்னாலிருந்து வரும் காற்று பாவாடையை விரித்துக் குழலோடு ஒட்டவைப்பதால்தான் காற்று கசியாமல் இருக்கிறது. நசுங்கியது ஒரு பக்கம் கசியும், வேகம் குறையும், கோணலாகவும் போகும். நகைக்கடைத் தராசு இருந்தால் ஐம்பது குண்டை நிறுத்துப் பாருங்கள். மலிவான டப்பாவில் எடை தாறுமாறாக இருக்கும். நல்ல டப்பாவை நிறுப்பது வெட்டி வேலை, நான் விட்டுவிட்டேன்.

சுடுவதற்கு முன்

திருகாணிகளை எல்லாம் சரிபாருங்கள். ஸ்பிரிங்கின் விசையால் பிஸ்டன் காற்றை அழுத்தும் ஸ்பிரிங் ஏர் கன், சுடும்போது முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் குதிக்கும். இரண்டு உதையும் குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் தொடங்கிவிடுகின்றன. இந்தக் குலுக்கலில் கட்டையின் திருகாணி நூறு குண்டுக்குள் தளர்ந்துவிடும். ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஏர் கன்னுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். சாதாரண ஸ்கோப் பின் உதையைத் தாங்கும், முன் குதிப்பில் உள்ளே கண்ணாடி கழன்றுவிடும்.

குழலைச் சுத்தம் செய்து குண்டு வகை மாற்றும் ஒவ்வொரு முறையும் முதல் இருபது, முப்பது குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழலின் உள்ளே மெல்லிய ஈயப் பூச்சு படிந்த பிறகுதான் அது நிலைக்கு வரும்.

அப்புறம் எண்ணெய். என் முட்டாள்தனத்தை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். கடல் காற்றில் துருப்பிடிக்குமே என்று பயந்து, காற்று வரும் துளைக்குள் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டேன். அடுத்த குண்டுக்குப் பட்டாசு மாதிரி சத்தம், குழல் வாயில் புகை, எண்ணெய் கருகிய வாடை. பிஸ்டன் காற்றை நொடியில் அழுத்தும்போது உள்ளே கடும் சூடு உண்டாகிறது. டீசல் என்ஜினில் நடப்பது போலவே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. வேகம் ஏறத்தான் செய்யும். ஒரு குண்டு 250, அடுத்தது 300, அதற்கடுத்தது 230. அட்டையில் என் கைக்குட்டை அளவுக்குச் சிதறல். எண்ணெய் முழுக்க எரிந்து தீர ஒரு டப்பா குண்டு போயிற்று, பிஸ்டன் சீலையும் மாற்ற வேண்டியிருந்தது. எண்ணெய் வெளியில்தான். குழலின் உள்ளே துணியில் தொட்டுத் துடைத்து எடுத்துவிட வேண்டும். காற்றறைக்குள் சொட்டு விடவே கூடாது.

பிசிபி, அதாவது அழுத்தக் காற்று நிரப்பும் ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பிப் பார்க்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் எழுந்து போய்விடுங்கள். எண்ணெய்ப் பசையும் அழுத்த ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். கைப்பம்பில் நிரப்புபவர்கள் ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டி போட வேண்டும். நம் கரையோரக் காற்றில் இருக்கும் ஈரமெல்லாம் உள்ளே போய்த் தண்ணீராக நிற்கும், உள்ளிருந்தே அரிக்கும்.

பிடிப்பது எப்படி

மேசை மேல் மணல் மூட்டை. ஐந்து கிலோ அரிசிப் பையில் முக்கால்வாசி மணல் நிரப்பிக் கட்டினால் போதும், கடற்கரை மணலாக இருந்தால் உப்புப் போகக் கழுவிக் காயவையுங்கள். பிசிபியை நேராக மூட்டை மேல் வைத்துச் சுடலாம். ஸ்பிரிங் கன்னை அப்படி வைத்தால் உதை மூட்டையில் பட்டு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் எகிறும். மூட்டை மேல் உங்கள் இடது கையை விரித்து வைத்து, உள்ளங்கையில் ரைபிளைச் சும்மா கிடக்க விடுங்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள், தோளிலும் தொட்டும் தொடாமல் இருக்கட்டும். துப்பாக்கி தன் இஷ்டத்துக்குக் குதிக்கட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி குதித்தால் சரி. கை எங்கே இருந்தது என்பதற்குக் கட்டையில் ஒரு டேப் துண்டை ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அங்குலம் முன்பின் மாறினாலும் குண்டு விழும் இடம் மாறும்.

இது புதியவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். இறுக்கிப் பிடித்தால்தான் குறி நிற்கும் என்று சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறது.

குரூப் எடுத்தல்

பத்து மீட்டரை டேப் வைத்து அளந்து குறியுங்கள். ஒரு வகைக் குண்டுக்குப் பத்து சூடு, ஒரே புள்ளியைப் பார்த்து. மையத்தில் விழவில்லையே என்று நடுவில் சைட்டைத் திருகக் கூடாது. எங்கே விழுகிறது என்பது இப்போது முக்கியமில்லை, எவ்வளவு நெருங்கி விழுகிறது என்பதைத்தான் பார்க்கிறோம். இப்படி விழுந்த ஓட்டைகளின் கூட்டத்தைத்தான் குரூப் என்கிறோம். ஐந்து வகைக்கும் எடுத்துவிட்டு, இன்னொரு நாள் மறுபடி ஒரு சுற்று.

மூன்று குண்டு சுட்டு, மூன்றும் ஒரே ஓட்டையில் போனதும் படம் எடுத்து அனுப்பும் நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு. மூன்று குண்டுக்கு அதிர்ஷ்டம் துணைக்கு வரும். சராசரியாக மூன்று குண்டில் 15 மில்லிமீட்டர் குரூப் தரும் ரைபிள், பத்துக் குண்டில் 24 மில்லிமீட்டர் அளவுக்குத் தரும். ரைபிள் கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம், உண்மை அளவு அதுதான். அதனால் ஒப்பிடும்போது எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கை இருக்கட்டும்.

அளக்கும் முறை எளிது. மிக விலகி நிற்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, அதிலிருந்து 4.5 மில்லிமீட்டர் கழியுங்கள். மையத்திலிருந்து மையம் வரும். கைதவறிப் போன குண்டைக் கணக்கில் விடலாமா? சுட்ட உடனே, அட்டையைப் பார்க்கும் முன்னாலேயே "இது போச்சு" என்று சொல்லியிருந்தால் விடலாம். பார்த்த பிறகு சொன்னால் அது பொய்க்கணக்கு.

வேகத்தை அளத்தல், கைப்பேசியாலேயே

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவி இருந்தால் நல்லது. பத்துக் குண்டின் வேகத்தையும் எழுதி, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, நான் முதல் இரண்டு வருடம் இப்படித்தான் ஓட்டினேன்.

கைப்பேசியைக் குழல் வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஒலிப்பதிவைத் தொடங்குங்கள். களிமண்ணுக்கு முன்னால் சத்தம் வரும்படி ஒரு தகரத் துண்டைத் தொங்கவிடுங்கள், பின்புறம் சாய்த்து, தெறித்தால் தரையைப் பார்த்துத் தெறிக்கும்படி. பதிவை ஒலி அலை காட்டும் ஏதாவது ஒரு செயலியில் திறந்தால் இரண்டு மேடுகள் தெரியும். முதல் மேடு சுட்ட சத்தம், இரண்டாவது தகரத்தில் பட்ட சத்தம். இடைவெளியில் குண்டு போன நேரமும் சத்தம் திரும்பி வந்த நேரமும் சேர்ந்திருக்கின்றன. பத்து மீட்டரைச் சத்தம் கடக்க 0.029 வினாடி. உதாரணத்துக்கு, இடைவெளி 0.091 வினாடி என்றால் 0.029ஐக் கழித்தால் 0.062. பத்தை அதால் வகுத்தால் வினாடிக்கு 161 மீட்டர். இது வழி முழுவதற்குமான சராசரி, குழல் வாயில் இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கும். வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தப்பினால் விடையில் இரண்டரை மீட்டர் தப்பும் என்பதால், அலையை நன்றாகப் பெரிதாக்கி மேடு தொடங்கும் இடத்தைப் பாருங்கள்.

இப்போது உங்கள் நோட்டில் ஒவ்வொரு குண்டுக்கும் மூன்று எண்கள் இருக்கும்: சராசரி வேகம், வேக இடைவெளி, குரூப் அளவு. அனேகமாக வேகத்தில் முதலிடம் பிடித்த குண்டு குரூப்பில் முதலிடம் பிடித்திருக்காது. வேக இடைவெளி குறைவாக இருப்பதில் ஒன்றோ இரண்டோ குரூப்பிலும் முன்னால் நிற்கும். அங்கிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். இடைவெளி குறைவாக இருந்தும் குரூப் மோசம் என்றால் அந்தக் குண்டு குழலுக்கு ஒத்துவரவில்லை, தள்ளிவிடுங்கள். ஐந்து வகையிலும் இடைவெளி தாறுமாறு என்றால் குற்றம் குண்டில் இல்லை. சீல், ஸ்பிரிங், உள்ளே போன எண்ணெய் ஆகியவற்றில் தேடுங்கள்.

வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது

பலருக்கு இங்கேதான் மனசு வராது. காசு கொடுத்து வாங்கிய வேகத்தை யாராவது குறைப்பார்களா?

ஸ்பிரிங் கன்னில் எடை கூடிய குண்டைப் போட்டாலே வேகம் குறையும், ஒலி வேகத்திலிருந்தும் விலகிவிடும். ஆனால் அளவுக்கு மீறி எடை கூட்டினால் பிஸ்டன் குண்டைத் தள்ள முடியாமல் காற்று மெத்தையில் மோதித் திரும்பும், குலுக்கல் கூடும். நடுத்தர ஸ்பிரிங் கன்னுக்கு 0.50 முதல் 0.55 கிராம் வரை பார்ப்பது போதும். ஸ்பிரிங்கை மாற்றுவதென்றால் அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் பின்பக்கத்தைக் கழற்றாதீர்கள், முகத்தில் பாயும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கும் குறுக்கு வழியை நான் ஏற்கவில்லை. முனை சமமாக இல்லாவிட்டால் பிஸ்டன் கோணலாகத் தேயும்.

அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் இல்லாத பிசிபியில் வேறு விளையாட்டு. முழுக்க நிரப்பியதும் வேகம் சற்றுக் குறைவாக இருக்கும், ஏனென்றால் அதிக அழுத்தம் வால்வைத் திறக்கவிடாமல் அமுக்குகிறது. அழுத்தம் இறங்க இறங்க வேகம் ஏறி, ஒரு மேட்டில் கொஞ்ச நேரம் சமமாக நின்று, பிறகு சரியும். நாற்பது குண்டு சுட்டு ஒவ்வொன்றையும் எழுதினால் அந்த மேடு எங்கே இருக்கிறது என்று தெரியும். 200 பார் வரை நிரப்பலாம் என்று போட்டிருந்தாலும், உங்கள் மேடு 180க்கும் 130க்கும் நடுவே இருந்தால் 180 மட்டும் நிரப்பி 130இல் நிறுத்துங்கள். குண்டு எண்ணிக்கை குறையும், அட்டை அழகாகும். கூட்டும் பக்கம் போனால் 20 ஜூலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

காற்று

எங்கள் ஊரில் காற்றுக்கு ஒவ்வொரு திசைக்கும் ஒரு பெயர் உண்டு. வாடை, கொண்டல், சோழகம், கச்சான். மேற்கிலிருந்து வரும் கச்சான் எழும்பினால் தென்கடல் கொந்தளிக்கும், வாடைக் காலத்தில் வடகடல். முதல் வருடம் ஆடி மாதத்து மதியத்தில் நான் 25 மீட்டரில் குரூப் எடுக்க உட்கார்ந்திருந்தபோது, வலை காயவைக்க வந்த மாமா ஒருவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "கச்சான் இந்தத் தூக்கு தூக்குது, நாங்களே வள்ளத்தை இறக்கல. நீ இத்தனூண்டு ஈயத்தை வச்சுக்கிட்டு என்னத்தப் பாக்கப் போற மாப்ள?"

அவர் சொன்னதற்குக் கணக்கு உண்டு. குறுக்குக் காற்று குண்டைத் தள்ளும் அளவைக் கண்டுபிடிக்க, குண்டு உண்மையில் எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து, வேகம் குறையாமலே போயிருந்தால் எடுத்திருக்கும் நேரத்தைக் கழித்து, காற்றின் வேகத்தால் பெருக்க வேண்டும். தட்டைத் தலைக் குண்டு 175இல் கிளம்பிப் பத்து மீட்டரில் 163 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் வருவது 0.002 வினாடி. வினாடிக்கு 4 மீட்டர் குறுக்குக் காற்று, இங்கே அது சாதாரண மாலைக் காற்று, குண்டை 8 மில்லிமீட்டர் தள்ளும். இலக்கு அட்டையில் பத்து, ஏழாகிவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காற்றால் விலகுவதைத் தீர்மானிப்பது கிளம்பிய வேகத்தைவிட, வழியில் இழந்த வேகம். இலேசான குண்டை ஒலி வேகத்துக்குப் பக்கத்தில் விரட்டினால் அது கிளம்பியதும் வேகத்தை வாரி இறைத்துவிடும். 240இல் கிளம்பும் கொஞ்சம் கனமான உருண்டைத் தலைக் குண்டு அதைவிடக் குறைவாக விலகும்.

நடைமுறைக்கு வருவோம். குரூப் சோதனையை விடிந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். கடல் காற்று எழும்புவதற்குள், ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டுக்குள் முடித்துவிட வேண்டும். இலக்குக்குப் பாதி வழியில் ஒரு குச்சி நட்டு, நீளமாகக் கிழித்த பிளாஸ்டிக் பை நாடாவைக் கட்டுங்கள். பனை ஓலைக் கீற்றைக் கட்டிப் பார்த்தேன், அது கனம், மெல்லிய காற்றுக்கு அசையாது. நாடா தொங்கும்போது மட்டும் சுடுங்கள். பனைமரத்து உச்சியைப் பார்த்துக் காற்றைக் கணிக்காதீர்கள், குண்டு போகும் உயரத்தில் காற்று வேறு மாதிரி இருக்கும்.

உப்புக் காற்றில் வைத்திருப்பது

சுட்டு முடித்ததும் உலோகம் முழுவதையும் மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள், விரல் பட்ட இடங்களை முக்கியமாக. வியர்வை பட்ட இடத்தில் மறுநாளே செம்புள்ளி வரும். பஞ்சு வைத்த உறைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டாம், பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழந்தைகள் கைக்கு எட்டாத பூட்டிய அலமாரியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பெல்லட் டப்பாவும் மூடியே இருக்கட்டும். திறந்து கிடந்தால் ஈயத்தின் மேல் வெள்ளைத் தூள் படியும். அதைத் தொடுவதும் நல்லதில்லை, குழலுக்கும் ஆகாது. சுட்டு முடித்துச் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடாதீர்கள். ஈயம் உடம்புக்குள் போனால் எளிதில் வெளியே வராது. குண்டை வாயில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, பார்த்தால் தட்டிவிடுங்கள்.

டப்பாவின் அடியில், எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் லாட் எண் ஒன்று அச்சாகியிருக்கும். பிடித்த குண்டு எது என்று தெரிந்ததும் அந்த எண்ணையும் நோட்டில் எழுதிக்கொண்டு, கிடைத்தால் அதே லாட்டில் நாலைந்து டப்பா சேர்த்து வாங்குங்கள். வேறு லாட் வந்தால் அதே கம்பெனி, அதே எடை, அதே தலை விட்டம் என்றாலும் புதுக் குண்டாகவே நினைத்து, பத்துச் சூடு குரூப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.